மதாம் வீட்டில் ஒரு தவணை

பழைய மாணவியர் மலருக்கு எழுதித் தா என்று மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டீர்கள். "நீ பிரெஞ்சுக்காரர் வீட்டில் இருந்து படித்தவள்தானே, அந்தக் கதையை எழுது" என்று உங்களில் ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். எனக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் 'மதாம்' என்பதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயரைச் சொல்லி வகுப்புக்கு வெளியே கூப்பிடுவீர்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட கதை இதுவாக இருக்காது. இதைச் சுமந்துகொண்டு நடந்து எனக்குக் களைத்துவிட்டது. உங்களுக்கும் எனக்கும் இனி எத்தனை மலர் வரப் போகிறது?

நாம் எச்.எஸ்.சி. முதலாம் வருடத்தில் இருந்த காலம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தவணை. நகரத்துக்கு மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தக் காற்றில் உதடு வெடிக்கும், எண்ணெய் வைத்த தலை பத்து மணிக்கே பன்னாடையாகிவிடும். நான் மடத்து விடுதியில் இருந்தேன். அப்பா செட்டிபாளையத்தில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். அவருக்குப் பாஷைகள் மேல் பெரிய நம்பிக்கை. இங்கிலீசு தெரிந்தவன் கொழும்பு மட்டும் போவான், இன்னும் ஒன்று தெரிந்தவன் கப்பலேறுவான் என்பார். அவர் இரண்டையும் தெரிந்துகொண்டு செட்டிபாளையத்தைத் தாண்டவில்லை என்பது வேறு கதை.

நகரத்துப் பங்குச் சாமியார் பிரான்சில் பிறந்தவர். முப்பது வருடம் நம்மோடு இருந்து, நம்மைவிட உறைப்பாகக் கறி தின்னப் பழகியவர். அவர்தான் அந்த யோசனையை அப்பாவிடம் கொண்டுவந்தார். வாவியின் இறாலையும் மீனையும் ஆராய்ச்சி செய்ய ஒரு பிரெஞ்சுத் துரை போன வருடம் குடும்பத்தோடு வந்திருக்கிறார். வீட்டில் மனைவியும் பதினைந்து வயது மகளும். மகளுக்குப் பேச்சுத் துணை இல்லை. நான் விடுதியை விட்டு ஒரு தவணை அந்த வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போகட்டும். காலையில் அவர்கள் எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தருவார்கள். பின்னேரம் நான் மகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பேன். எல்லாம் சரிவந்தால் அடுத்த வருடம் அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது என்னையும் கூட்டிப்போய், தங்கள் வீட்டில் வைத்து ஒரு வருடம் அங்கே படிக்கவைப்பார்கள்.

அப்பா அன்றைக்குப் போட்டிருந்த சேட்டை இரண்டு தடவை மாற்றினார். ஒரு சேட்டோடு சாமியாரிடம் "ஓம்" சொன்னார். இன்னொரு சேட்டோடு ஊருக்குள் போய் எல்லாருக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வீடு வாவிக்கரையில். முன் விறாந்தை முழுக்கக் கம்பி வலை. உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஏதோ மருந்துத் தண்ணீரில் நிறம் வெளிறிய இறால். அந்த மருந்து நாற்றம் என் வெள்ளைச் சட்டையில் ஏறி வகுப்பு வரைக்கும் வந்ததை நீங்கள் மூக்கைப் பிடித்துச் சுட்டிக் காட்டியிருக்கிறீர்கள். துரை உயரமான, அமைதியான மனிதர். விடிந்தால் தோணியில் போய்விடுவார். மதாம், அவருடைய மனைவி, மெலிந்தவர், எந்த நேரமும் ஏதாவது ஒன்றைத் துடைத்துக்கொண்டிருப்பார். என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. என் சப்பாத்து கடித்தபோது தானே முழங்காலிட்டு இருந்து காலுக்கு மருந்து போட்டுவிட்டார்.

முதல் நாள் காலையில் என் முன்னால் காதில்லாத பெரிய கிண்ணம் ஒன்றை வைத்தார்கள். நம் வீட்டில் கஞ்சி குடிக்கிற அளவு. அதற்குள் கோப்பியும் பாலும். பாண் ரொட்டியை நீளமாக வெட்டி அதற்குள் தோய்த்துத் தின்ன வேண்டும். கைகழுவவாக்கும் என்று நினைத்து விரலை விடப் போனேன். மகள் மேசைக்குக் கீழால் என் முழங்காலைத் தட்டித் தடுத்தாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. முகம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளி, காற்றில் நிற்காத தலைமயிர்.

அந்த வீட்டில் முதல் இரண்டு கிழமையும் நான் பட்டினி. சாமியார் எனக்குச் சொல்லித் தந்திருந்த ஒரே மரியாதைச் சொல் 'மெர்ஸி', நன்றி. மதாம் சட்டியை நீட்டி "இன்னும்?" என்று கேட்பார். நான் பெரிய மரியாதைக்காரியாக "மெர்ஸி" என்பேன். சட்டி அப்படியே அடுத்த ஆளுக்குப் போய்விடும். சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல்லுக்கு 'போதும், வேண்டாம்' என்று கருத்தாம். யார் கண்டது? நன்றி சொல்லிச் சொல்லியே வயிறு ஒட்டிப்போயிற்று.

இதைக் கண்டுபிடித்தது குசினி மாமிதான். சமையல் செய்த அந்த மனுசியை நானும் மகளும் அப்படித்தான் கூப்பிட்டோம். வாவிக்கு மேற்கே பழுகாமத்து ஆள். புருசன் செத்தபிறகு, பத்து வயது மகளைத் தமையன் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். பின்வாசலடியில் நான் தண்ணீர் குடிக்கிற வேகத்தை ஒருநாள் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பசிக்குதா மனே?"

"இல்ல மாமி."

"பொய் சொல்லாத. இஞ்ச வா. வயித்துக்கு என்ன பாஷை?"

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குசினியில் ஒரு மூடிக்கோப்பை எனக்காக இருக்கும். பழஞ்சோறும் கருவாட்டுப் பொரியலும், சில நாள் சின்ன இறாலும் முருங்கைக்காயும். துரையின் போத்தலில் கிடக்கிற இறாலோ என்று நான் கேட்டதற்கு மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மதாமின் மகளும் வந்து சாக்கில் குந்திக்கொள்வாள். உண்மையைச் சொன்னால், அவளுக்குத் தமிழ் படிப்பித்தது நானில்லை. நான் அகரம் எழுதிக் கொடுத்தேன். அவளோ தேங்காய் துருவிக்கொண்டே மாமியிடம் "மறுகா?", அதாவது பிறகென்ன, என்று கேட்கப் பழகிவிட்டாள். மாமி ஒரு கதை சொல்லி நிறுத்துவார், அவள் "மறுகா? மறுகா?" என்பாள். வெள்ளைக்காரப் பிள்ளையின் வாயில் நம் ஊர்ச் சொல்லைக் கேட்டால் மாமிக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

ஆறாவது கிழமையில் நான் நன்றாகவே பிரெஞ்சு பேசுகிறேன் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். அப்பா நம்பினார், சாமியார் நம்பினார், மதாம் நம்பினார். நானும் நம்பினேன். அதற்கு முன்பெல்லாம் மதாமும் மாமியும் கையாலும் கண்ணாலும் பேசி வீட்டை நடத்தினார்கள். உப்பைக் காட்டிக் கையை ஆட்டினால் குறைவு. இரண்டு விரலை நடக்கவிட்டால் சந்தை. ஒரு வருடமாக அது பிழையில்லாமல் நடந்தது. நான் வந்தபிறகு மதாம் அந்தப் பழக்கத்தை விட்டார். எதற்கும் "இங்கே வா, இதைச் சொல்" என்று என்னைக் கூப்பிடுவார். நானும் நடுவில் நின்று பெரிய மனுசியாகச் சொல்லுவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். துரையும் மகளும் விசா அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தார்கள். கச்சான் அன்றைக்குப் பேயாய் அடித்தது. வாவியில் வெள்ளை வெள்ளையாக நுரை. உடுப்புக் காயப்போடும் கொடி கிழக்குப் பார்த்த பின்வளவில், தண்ணீரை ஒட்டி இருந்தது. மதாமுக்கு நீலப் பட்டுக் கழுத்துத்துணி ஒன்று இருந்தது. அவருடைய தாய் கொடுத்தது. 'ஃபூலார்' என்பார்கள். அதைக் கையால் அலசிக் கொடியில் போட்டிருந்தார். மத்தியானம் பார்த்தால் அது இல்லை.

நான் குசினிக்குப் போய்க் கேட்டேன். மாமி மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அதுவா? நான் வெளிய ஓடி வாறதுக்குள்ள காத்துல பறந்து ஆத்துக்குள்ள போயிற்று மனே. கண்ணால கண்டன். எட்டிப் பிடிக்க ஏலாமப் போச்சு. மதாமிட்டச் சொல்லு." வாவியைத்தான் மாமி ஆறு என்பார்.

'பறப்பது' என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது. வாவிக்கு மேலால் போகிற நீர்க்காகங்களைக் காட்டி மகள் சொல்லித் தந்தது. காற்றுக்கு என்ன சொல் என்பது அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. வராவிட்டால் என்ன? மதாமின் முன்னால் போய் நின்று, தெரிந்த இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்னேன்.

"ஃபூலார்... வொலே."

மதாம் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "கி?" என்றார். யார் என்று கேட்கிறார். யார் கண்டது, யார் சொன்னது என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து நான் குசினிப் பக்கம் கையைக் காட்டினேன். "அவளா?" என்று இன்னொரு தரம் கேட்டார். நான் தலையாட்டினேன். கெட்டிக்காரத்தனமாகச் சிரிக்கவும் செய்தேன்.

அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. வேகமாக ஏதேதோ சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. இன்றைக்கே போகச் சொல், இனி வர வேண்டாம் என்று சொல். அவ்வளவுதான் பிடிபட்டது. துணியைக் கவனிக்கவில்லை என்று கோபம், நாளைக்கு ஆறிவிடும் என்று நினைத்தேன்.

நான்தான் போய்ச் சொன்னேன். என் வாயால்.

"மாமி, இனி வர வேணாமாம்."

மாமி கத்தியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ஏன்கா? என்ன செய்த நான்?"

"துணியப் பாக்கல்லையெண்டு கோவம் போல."

"காத்தடிச்சா நான் என்ன செய்யிற?" என்று கேட்டார். வெட்டிய மாங்காயை உப்புத் தண்ணீரில் போட்டு மூடினார். அடுப்பு நெருப்பை அணைத்தார். ஒரு சீலையும் சீப்பும் இருந்த பையை எடுத்துக்கொண்டு பின்வாசலால் போனார். மதாம் முன் விறாந்தையில், போத்தல்களுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை சாமியார் தேநீருக்கு வந்தார். மதாம் அவரிடம் இதைச் சொன்னபோது நான் மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். 'வொலே' என்ற சொல் இரண்டு மூன்று தடவை வந்தது. பறவையைப் பற்றிப் பேசுகிற முகமாக அது இல்லை. சாமியார் தலையை ஆட்டி உச்சுக்கொட்டினார். அவர் போனபிறகு மகளின் அறையில் இருந்த சின்ன அகராதியை எடுத்தேன். பிரெஞ்சுக்கு இங்கிலீசில் கருத்துப் போட்டது. அந்தச் சொல்லுக்கு நேரே இரண்டு இலக்கம். ஒன்று, பறத்தல். இரண்டு, களவெடுத்தல்.

புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். கொஞ்ச நேரம் அந்த அறைக் கட்டிலில் இருந்தேன். எழும்பிப் போய் மதாமிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். பத்து அடி தூரம்தான். ஆனால் அந்தப் பத்தடிக்கு நடுவில் பிரான்ஸ் கிடந்தது. இரண்டு சொல்லைச் சேர்க்கத் தெரியாதவளையா கூட்டிப் போகப்போகிறோம் என்று மதாம் நினைத்துவிட்டால்? நான் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் கரி இஸ்திரிப்பெட்டியால் சேட்டு அழுத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"இது இன்னும் ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது அப்பா. எனக்கு மட்டும்தான்."

"அப்ப உன்னோடயே இருக்கட்டும்."

"அவவக் களவெடுத்தவ எண்டு..."

"இஞ்ச பார் மகள். டவுனுல சமையலுக்கு ஆள் தேடுற வீடு எத்தினையோ கிடக்கு. அவ நாளைக்கே ஒண்டுல போய் நிப்பா. உனக்குத்தான் இப்பிடி இன்னொரு வீடு கிடைக்காது."

சேட்டை உதறி மடித்தார். என் அப்பா கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் புத்தகமில்லாத பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே புத்தகத்தைப் பார்த்தெழுதிக் கொடுத்தவர். அன்றைக்கு அவர் எனக்காகப் பயந்தார். அந்தப் பயம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைத்தான் நான் பிறகு நெடுங்காலம் யோசித்தேன்.

அப்பா சொன்னது நடக்கவில்லை. இன்னொரு கிழமை கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பஸ் நிலையத்தடியில் மாமியைக் கண்டேன். உங்களில் இரண்டு பேரும் என்னோடு வந்தீர்கள். உங்களை முன்னால் போகச் சொன்னேன். மாமியின் கையில் அதே பை. வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது.

"நல்லா இருக்கியா மனே? சின்னவ கொழும்பால வந்திட்டாளா? என்னத் தேடினாளா?"

"ஓம் மாமி."

"நாலு வீட்டுல கேட்டுட்டன் பிள்ள. ஒருத்தரும் உள்ளுக்க விடுறாங்க இல்ல. துரை வீட்டுல களவெடுத்தவளாம் நான். ஆரோ மதாமிட்டப் பொய் சொல்லியிருக்காங்க." என் கையைப் பிடித்தார். "உனக்குத்தானே அவட பாஷை தெரியும். எனக்காக நீ ஒருக்கா எடுத்துச் சொல்லு மனே. நான் பிள்ளைத் தாச்சியாக் கும்பிட்ட கண்ணகி அம்மன் மேல சத்தியம், நான் தொடல்ல எண்டு சொல்லு."

"சொல்லுறன் மாமி," என்றேன்.

பழுகாமத்துக்குப் போகிற வழிக்கு அவர் பஸ் ஏறினார். நான் வீட்டுக்குப் போனேன். அன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் இல்லை. மகள் குசினி வாசலில் நின்று புதிதாக வந்த கிழவர் சமைப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். தேங்காய் துருவப் போகவில்லை. மாமி களவெடுத்தார் என்று தாய் சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பவில்லை என்று தாயிடம் சண்டையும் பிடித்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

தவணை முடிய நாலு நாள் இருந்தபோது பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் அதே பங்குச் சாமியார். முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். 'வொலே' என்ற சொல்லுக்கு வந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். இல்லை, சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, மூக்கால் வந்துவிட்டது. அது அவர் பிறந்த பாஷை அல்லவா? அந்த இரட்டைக் கருத்து அவருக்கு எங்கோ சின்ன வயதில் கேட்ட விடுகதை மாதிரி இருந்திருக்க வேண்டும். உடனே குரலைச் சரிசெய்துகொண்டு, "மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லு மகளே, மதாமிடம் போய் உண்மையைச் சொல்லு" என்றார். நான் வேர்த்துப்போய் வெளியே வந்தேன்.

மதாமிடம் சொல்வதற்கு அன்றைக்கு முழுக்க எழுதி மனப்பாடம் செய்தேன். காற்றுக்கான சொல்லை நாலு தடவை எழுதிப் பார்த்தேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். மதாம் முதலில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு வாயைப் பொத்தினார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "பாவம் குழந்தை, இதற்கா அழுகிறாய்?" என்றார். எப்போது தெரிந்துகொண்டாய் என்று அவர் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து. சாமியார், வங்கி மனேஜரும் மனைவியும், வேறும் இரண்டு பேர். மதாம் கதையைச் சொன்னார். பிரெஞ்சு தெரியாதவர்களுக்காகத் துரை இங்கிலீசில் சொன்னார். கழுத்துத்துணி இறக்கையடித்துப் பறப்பதைக் கையால் நடித்தும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். "பறந்துமிருக்கலாம், களவும் போயிருக்கலாம், இரண்டுக்கும் அந்த ஒரு சொல் போதும்" என்று துரை சொன்னபோது மேசையே குலுங்கியது.

நானும் சிரித்தேன். என்னைப் பார்த்துக்கொண்டுதானே எல்லாரும் சிரிக்கிறார்கள், சிரிக்காமல் எப்படி இருப்பது? ஆனால் மகள் சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு கடதாசியை என் கையில் வைத்தாள். நான் சொல்லிக் கொடுத்த எழுத்தில், கால் ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக, 'மாமி வா' என்று எழுதியிருந்தது.

மதாமும் மாமியைத் திரும்ப வரச் சொல்லும்படி என்னிடம்தான் சொன்னார். ஊருக்குப் போகிறாய்தானே, போகிற வழியில் சொல்லிவிடு என்றார்.

பிரான்சுக்குப் போனேனா என்று கேட்பீர்கள். போகவில்லை, உங்களுக்குத் தெரியும். துரையின் வேலை நினைத்ததற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போகப் பணம் மாற்றுவதும் கடவுச்சீட்டு எடுப்பதும் பெரும்பாடு. அப்பா அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். மதாமிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவதில், அந்தக் கழுத்துத்துணிக் கதையை அங்கேயும் சொல்லி எல்லாரும் சிரித்ததாக எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. அப்பா சாகும்வரைக்கும் 'பிரெஞ்சு படித்த என் மகள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாஷையில் எனக்கு இன்றைக்கு நாலு வசனம் தேறாது.

பழுகாமத்துக்குப் போன கதை ஒன்றுதான் பாக்கி. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் புருசனுக்கும் சொல்லவில்லை.

விடுமுறை விட்ட முதல் புதன்கிழமை, அப்பாவுக்குச் சொல்லாமல், தோணியில் வாவியைக் கடந்து போனேன். அந்தப் பக்கம் வயல் வட்டை முழுக்கச் சிறுபோக வெள்ளாமை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியின் தமையன் வீட்டைக் கேட்டுப் போனால், மாமி முற்றத்தில் நின்று நெல் தூற்றிக்கொண்டிருந்தார். தலை, இமை எல்லாம் தூசு. பக்கத்தில் சுளகோடு அவருடைய மகள். என்னைக் கண்டதும் மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இந்த வெயிலுக்க என்னத்துக்கு வந்த மனே? இரி, இரி. தண்ணி குடி."

மாமரத்தடியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பறப்பதற்கும் களவெடுப்பதற்கும் அவர்களுக்கு ஒரே சொல் என்றேன். மாமி சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை ஒரு தரம் சொல்லிக் காட்டச் சொன்னார். காட்டினேன். "வொலே," என்று தானும் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப நீ பிழையாச் சொல்லல்ல. நான் சொன்னதத்தான் சொல்லியிருக்கா."

"ஓம் மாமி. அவங்க மாறி விளங்கிட்டாங்க. உங்களத் திரும்ப வரட்டாம்."

மதாமின் மகள் எழுதிய கடதாசியைக் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சின்னவளக் கேட்டதாச் சொல்லு. நான் வரமாட்டன்."

"ஏன் மாமி? மதாமுக்கு இப்ப எல்லாம் விளங்கிட்டு."

"ஒரு வருசம் என்ட கையால திண்டவ மனே. என்ட மூஞ்சப் பாத்து ஒருக்காக் கேட்டாவா?"

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதே."

"மாசியில அவவுக்குக் காய்ச்சல் வந்து கிடந்தா. தலையப் பிடிச்சு விடு எண்டு எந்தப் பாஷையில கேட்டவ? எனக்கு விளங்கினதுதானே. இரவும் பகலும் பிடிச்சு விட்டன்தானே." சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அது கிடக்கட்டும். நான் உன்ன ஒண்டும் சொல்லல்ல. நீ சின்னப் பிள்ள. பஸ்ஸடியில வச்சு நான் கேட்டப்பவும் உனக்கு இது தெரியாதுதானே?"

மாமி கேட்டது அவ்வளவுதான். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் கேட்டார். அந்தச் சொல்லுக்கு இரண்டு கருத்து என்று எனக்கு அப்போது தெரிந்து பத்து நாளுக்கு மேல். மாமியின் கண்ணை நேரே பார்த்தேன்.

"தெரியாது மாமி. போன கிழமைதான் அறிஞ்ச நான்."

தமிழில்தான் சொன்னேன். காற்றுக்கு என்ன சொல் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

மாமி தன் மகளைக் கிட்டக் கூப்பிட்டார். "பாத்தியாடி, அறிஞ்ச உடன ஆத்தத் தாண்டி வந்திருக்கிறா. படிச்ச பிள்ளையள் இப்பிடித்தான் இருக்க வேணும். நீயும் இந்த அக்காவப் போல வரவேணும்."

அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. மாமி உள்ளே போய் ஒரு சட்டி எருமைத் தயிரைக் கொண்டுவந்து, வாழையிலையால் மூடிக் கட்டித் தந்தார். வேண்டாம் என்றேன். "மதாம் வீட்டுல சொன்ன மாதிரி இஞ்சயும் மெர்ஸி சொல்லப் போறியா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வாங்கிக்கொண்டேன். தோணி இக்கரைக்கு வரும்வரை, காற்று தூக்கித் தூக்கிப் போட்டும், சட்டியை மடியில் வைத்து ஒரு சொட்டுச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். ஏது என்று அப்பா கேட்டார். கூட்டாளி ஒருத்தி வீட்டில் தந்தது என்றேன். அவர் சீனி போட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். நல்ல தயிர், மேற்குக் கரைத் தயிர் தயிர்தான் என்றார்.